நார் மில்லில் தீப் பாதுகாப்புப் பயிற்சி: பொள்ளாச்சி – பாலக்காடு எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எந்தச் சோதனைச்சாவடி வழியாகக் கேரளத்துக்குள் போனாலும் சாலையோரம் தென்னந்தோப்பு, அதை விட்டால் மஞ்சி, அதாவது தென்னைநார், உலர்த்தும் களம். ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலுக்கு நிறைய நார் இங்கிருந்துதான் போகிறது. வெயில் ஏறும் மாசி, பங்குனியில் ஏதாவது ஒரு மில்லில் தீப்பிடித்தது என்ற சேதியும் இந்தப் பக்கம் புதிதல்ல. எல்லையின் இருபக்கமும் நான் பயிற்சி நடத்தும் இடங்களில் முதலாளிகள், மேஸ்திரிகள், மெஷின் ஓட்டுகிறவர்கள், களத்தில் நார் உலர்த்தும் பெண்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மஞ்சியை வைத்துப் பேசியிருந்தாலும் பஞ்சாலை, அட்டைப்பெட்டி கம்பெனி, தீவனக் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எங்கள் மில்லில் இருபது பேர்கூட இல்லை. எங்களுக்கும் பயிற்சி கட்டாயமா?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆவது பிரிவு இதில் தெளிவாக இருந்தது. தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று எல்லாத் தொழிலாளர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் செய்ய வேண்டியதில் அவர்களுக்குப் போதுமான பயிற்சி தந்திருக்க வேண்டும் என்றது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமை பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் தொழிற்சாலைக்கான எண்ணிக்கை 20. ஆனால் 10 பேர் வேலை செய்யும் நிறுவனங்களும் அந்தத் தொகுப்புக்குள் வருகின்றன. ஆபத்தில்லாத பணியிடத்தைத் தருவது முதலாளியின் கடமை என்பது அவர்களுக்கும் உண்டு. விவரம் கேட்க, தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்; கேரளத்தில் ஃபாக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் துறை.

என்னைக் கேட்டால், ஆறு பேர் ஓட்டும் மில்லுக்குத்தான் பயிற்சி இன்னும் அவசியம். பெரிய கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி இருப்பார், வாட்ச்மேன் இருப்பார், தீயணைக்கவென்றே போட்ட ஹைட்ரண்ட் தண்ணீர்க் குழாய் இருக்கும். உங்கள் மில்லில் அந்த ஆறு பேரைத் தவிர வேறு யாரும் கிடையாது.

நார் மில்லில் தீ எங்கிருந்துதான் வருகிறது?

ஷார்ட் சர்க்யூட் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான். தேங்காய் மட்டையோடு சேர்ந்து ஒரு கல்லோ இரும்புத் துண்டோ நார் உரிக்கும் மெஷினுக்குள் போனால், சுற்றும் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும். அந்தப் பொறி அங்கேயே எரியாது. நாரோடு நாராக வெளியே வந்து குவியலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். மெஷின் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, கொஞ்ச நேரம் கழித்து வேறு இடத்தில் புகை கிளம்பும். அதனால் மட்டையை மெஷினில் போடுபவர்தான் அந்த மில்லின் முதல் தீயணைப்பு வீரர். கல்லைப் பொறுக்கிப் போடுவதும், மெஷினுக்குள் வித்தியாசமான சத்தம் கேட்டால் நிறுத்துவதும் அவர் வேலை என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது பேரிங். நீளமான நார் ஷாஃப்டில் சுற்றிச் சுற்றி இறுகி, பேரிங்குக்குள் நுழைந்து கிரீஸை உறிஞ்சிவிடும். பேரிங் காயும், சூடேறும், மேலே படிந்த தூசி கருகும். ஷிப்டு முடியும்போது மெஷினை நிறுத்தி, மெயினை இறக்கிவிட்டு, ஷாஃப்டில் சுற்றிய நாரை அறுத்தெடுப்பது ஐந்து நிமிட வேலை. ஸ்டார்ட்டர் பெட்டியும் பேனல் போர்டும் அப்படித்தான்: கதவு மூடாமல் கிடந்தால் பித் தூள் (மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிரும் கழிவு) உள்ளே படிந்துகொண்டே இருக்கும்.

மில்லுக்குள் வெல்டிங், கேஸ் கட்டிங் நடக்கும் நாள் தனி ஆபத்து. பெரும்பாலும் மெஷின் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவாக இருக்கும்போது வெளியாள் வந்து செய்துவிட்டுப் போவார். சுற்றியுள்ள நாரை முழுக்க அகற்றி, தரையைப் பெருக்கி நனைத்து, ஒரு ஆள் தண்ணீரோடு பக்கத்தில் நிற்க வேண்டும். வேலை முடிந்து குறைந்தது ஒரு மணி நேரமாவது அவர் அங்கிருந்து நகரக்கூடாது.

களத்தில் பீடி, டிராக்டர் சைலன்சர், பக்கத்துத் தோப்பில் காய்ந்த ஓலை எரிப்பது, தலைக்கு மேலே போகும் மின்கம்பி. இங்கே காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் நம் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. மார்கழி, தை, மாசியில் கிழக்கிலிருந்து காற்று வாங்கும். தென்மேற்குப் பருவம் தொடங்கி ஆடி, ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும். பக்கத்துத் தோப்பில் எரித்த ஓலையின் பொறி நம் களத்துக்கு வர இந்தக் காற்று போதும்.

பயிற்சியின் முதல் அரைமணி நேரத்தை நான் வகுப்பாக வைப்பதில்லை. வேலை செய்பவர்களோடு மில்லைச் சுற்றி நடந்து, "இங்கே பொறி எங்கே பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். கோபாலபுரம் பக்கம் ஒரு களத்தில் நார் புரட்டும் அக்கா ஒருவர் மேலே கையைக் காட்டினார். "காத்தடிச்சா அந்த ரெண்டு கம்பியும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்குமுங்க. பொறி எங்க தலைமேலதான் விழும்." சரியாக அந்தக் கம்பிக்குக் கீழேதான் உலர்ந்த நாரைக் குவித்திருந்தார்கள். மேஸ்திரிக்கு விஷயமே தெரியாது. அன்று மதியத்துக்குள் குவியல் இடம் மாறிவிட்டது. அந்த மில்லில் அதுவரை அந்த அக்காவிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு நிமிடத்தில் ஒரு தொழிலாளி என்ன செய்ய வேண்டும்?

கத்த வேண்டும். மணியோ சைரனோ இருந்தால் அடிக்க வேண்டும். நாமே அணைத்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனியாகப் போராடுவதில்தான் பொன்னான நேரம் போகிறது. சத்தம் கொடுத்த கையோடு மெஷினை நிறுத்த வேண்டும். மெஷின் ஓடும்வரை எரியும் நாரைக் குவியலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அடுத்து மெயின் சுவிட்ச். இதற்குள் இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் வெளியே போய்விட வேண்டும்.

யார் போன் போடுவது, யார் மெயினை இறக்குவது என்பதை முன்கூட்டியே பெயர் சொல்லி ஒப்படைத்திருந்தால் மட்டும்தான் இது நடக்கும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனிப்பெயர், அவர் லீவு என்றால் மாற்றுப்பெயர். இல்லையென்றால் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

இதில் முதலாளி செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதை வேறு யாராலும் செய்ய முடியாது. மெஷின் பக்கத்தில் நிற்பவர் புகையைப் பார்த்தும் நிறுத்தத் தயங்குகிறார். ஏன்? போன மாதம் சும்மா நிறுத்தியதற்கு மேஸ்திரி எல்லார் முன்னாலும் திட்டியிருப்பார். "சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், தப்பான சந்தேகமாக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்" என்று முதலாளி தன் வாயால், எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்ல வேண்டும். பிறகு அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். நான் பார்த்தவரை எந்தத் தீயணைப்புச் சிலிண்டரையும்விட இந்த ஒரு வாக்குறுதிதான் மில்லைக் காப்பாற்றும்.

தீயை நாமே அணைக்கலாமா, ஓடிவிட வேண்டுமா?

தீ சின்னதாக, ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வெளியே போகும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். புகை தலை உயரத்துக்கு இறங்கியிருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு ஏற்கெனவே சத்தம் கொடுத்திருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வெளியேறிவிடுங்கள். ஒரு சிலிண்டர் காலியாகியும் தீ அடங்கவில்லை என்றாலும் அதே பதில்தான்.

சரக்கை இழுத்துக் காப்பாற்றலாம் என்று உள்ளே திரும்பிப் போவதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். அழுத்திக் கட்டிய நார்ப் பொதி, அந்தப் பேல் எரிந்தால் இன்னொரு பேல் கட்டலாம்.

எந்தச் சிலிண்டர் வாங்குவது? எங்கே மாட்டுவது?

நம் நாட்டுத் தரநிர்ணயப்படி மரம், நார், காகிதம் போன்ற திடப்பொருள் தீ ஏ வகை. டீசல், பெயின்ட், எண்ணெய் போன்றவை பி வகை. சமையல் கேஸ் போன்றவை சி வகை. மூன்றுக்கும் சேர்த்து ஏபிசி தூள் சிலிண்டர் என்று கடைக்காரர் கொடுப்பார். மெஷின் பக்கத்துக்கும், ஹைட்ராலிக் ஆயில் இருக்கும் பேல் பிரஸ்ஸுக்கும், டீசல் வைத்திருக்கும் இடத்துக்கும் அது சரி. பேனல் போர்டுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு நல்லது, தூள் படிந்து சாமான் கெடாது. ஆனால் கதவு மூடிய சின்ன அறைக்குள் அதை அடித்துவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது, மூச்சடைக்கும். அதன் புனல்போன்ற வாயையும் வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, உறைகுளிரில் தோல் ஒட்டிக்கொள்ளும்.

நார்க் குவியலுக்கு இரண்டுமே முழு மருந்தல்ல. தூள் மேலே தெரியும் கொழுந்தை அடக்கும், உள்ளே இருக்கும் கங்கைத் தொடாது. குவியலுக்குத் தண்ணீர்தான் வேண்டும். ஆகவே தூள் சிலிண்டர் வாங்கி மாட்டியதோடு தீப் பாதுகாப்பு முடிந்தது என்று எந்த நார் மில்லும் நினைக்க முடியாது.

எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒரு சிலிண்டர் எட்ட வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 2190 சொல்லும் கணக்கு. கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். எடுக்கப் போகிறவர் தீயைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தில் வேண்டாம். மாதம் ஒருமுறை அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்ஸைடில் முள் இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் குழாயின் வாயையும் பாருங்கள். நம் பக்கத்து மில்களில் அதற்குள் பித் தூள் அடைத்திருக்கும், சில இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கும்.

அதை எப்படி இயக்குவது? படம் காட்டினால் போதாதா?

ஊக்கைப் பிடுங்கு, குழாயைத் தீயின் அடிப்பக்கம் காட்டு, கைப்பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு. இவ்வளவுதான். ஆனால் படம் பார்த்தவர் கையில் சிலிண்டரைக் கொடுத்தால் பாதிப்பேர் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஊக்கை இழுப்பார்கள். அழுத்தினால் ஊக்கு இறுகிக்கொள்ளும், வராது. பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். கீழே வைத்து, கைப்பிடியை விட்டுவிட்டு, ஊக்கைத் திருகி இழுத்துப் பழகினால் ஒரே முறையில் கைக்கு வந்துவிடும். கொழுந்தின் உச்சியில் அடிப்பது அடுத்த தவறு. சிலிண்டர் முழுதும் கால் நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் காலியாகிவிடும் என்பதையும் கையில் பிடித்து அடித்தவர்கள்தான் நம்புகிறார்கள்.

ரீஃபில் பண்ண வேண்டிய தேதி நெருங்கிய சிலிண்டர்களைச் சும்மா திருப்பி அனுப்பாதீர்கள். திறந்த வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு தகரத் தட்டில் கொஞ்சம் விறகை எரியவிட்டு, தொழிலாளர்களையே அணைக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத பயிற்சி அது.

தீ அணைந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நார் மில்லில் மிக முக்கியமான கேள்வி இது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்க ஒரு கயிறு தொங்குமே, நுனியில் கொழுந்தே இல்லாமல் காலையிலிருந்து இரவுவரை கனன்றுகொண்டிருக்கும். அது தென்னைநார்க் கயிறு. குவியலுக்குள் நடப்பதும் அதேதான். வெளியே ஈரம், உள்ளே கங்கு. இரவுக் காற்று கொஞ்சம் ஏறியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இதைச் சொல்லால் விளக்குவதைவிடக் காட்டிவிடுவது நல்லது. ஒரு கை நாரை எடுத்து, நடுவில் ஒரு கங்கை வைத்து, மடித்து அழுத்தி ஒரு இரும்புத் தட்டில் வைப்பேன். முதலில் கொஞ்சம் புகை வரும், அப்புறம் ஒன்றும் தெரியாது. எல்லாரையும் பார்க்கச் சொல்லிவிட்டு வேறு பாடம் நடத்துவேன். பிறகு பிரித்தால் உள்ளே சிவந்து கிடக்கும். வாயால் ஊதினால் கொழுந்துவிடும். களத்துப் பெண்கள் அதைப் பார்த்தபிறகு குவியலை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சம்மதிப்பதில்லை.

1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. வெடிமருந்தோடு பஞ்சுப் பொதிகளையும் அடுக்கி வந்த கப்பல் அது. பகலில் பஞ்சுப் பொதிகள் இருந்த அடித்தளத்தில் புகை தெரிந்தது, தண்ணீர் அடித்தார்கள், தீ எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை. மாலை 4 மணி தாண்டியதும் வெடித்தது. தீயணைக்கப் போனவர்களில் பலர் அங்கேயே இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிப்பது அவர்கள் நினைவாகத்தான். நம் காலத்தில் பிரம்மபுரம் இருக்கிறது: கொச்சி அருகே அந்தக் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2ஆம் தேதி பிடித்த தீயை முழுக்க அடக்க ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஆனது. மண்வாரி இயந்திரங்களால் குவியலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் அடித்தார்கள்.

நம் மில்லிலும் அதே வழிதான். குவியலைப் பிரிக்க வேண்டும், பிரித்த ஒவ்வொரு பகுதியையும் நனைக்க வேண்டும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் கங்கும் தூளும் பறந்து வேறு இடத்தில் விழும். பூவாளிபோல விரித்து அடிக்க வேண்டும். காய்ந்த பித் தண்ணீரை உடனே குடிக்காது, மேலேயே உருண்டோட விடும். டேங்கில் கொஞ்சம் லிக்விட் சோப்பு கலந்தால் உள்ளே இறங்கும். எரிந்த பித் மேட்டின்மேல் யாரும் ஏறக் கூடாது, ஜேசிபியையும் ஏற்றக் கூடாது. உள்ளே எரிந்து பொந்தாகியிருக்கும், கால் வைத்தால் அப்படியே உள்வாங்கிவிடும்.

கரண்டை நிறுத்தினால் போர் மோட்டாரும் நின்றுவிடுமே, தண்ணீருக்கு எங்கே போவது?

பெரும்பாலான மில்களில் இந்த ஓட்டை இருக்கிறது. தீப்பிடித்ததும் மெயினை இறக்கச் சொல்கிறோம். இறக்கினால் தண்ணீர் நின்றுவிடுகிறது. தண்ணீர் வேண்டும் என்று மெயினை விட்டுவைத்தால் கரண்ட் பாயும் மெஷின்மேல் தண்ணீர் அடிக்கும் நிலை வருகிறது. மில்லின் மெயினுக்கு முன்னாலேயே மோட்டாருக்குத் தனி லைன் பிரித்து, தனி சுவிட்ச் வைத்து, அதை ஷெட்டுக்கு வெளியே அமைக்க மின்பணியாளரிடம் சொல்லுங்கள். அதுவரை டீசல் பம்பு ஒன்று, அல்லது எப்போதும் நிறைந்திருக்கும் மேல்நிலைத் தொட்டி.

தென்னைக்கு மருந்தடிக்கும் டிராக்டர் டேங்கர் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, போன் நம்பரை வாங்கிச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் வாளியும் மண்ணும்தான். பிளாஸ்டிக் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி மூலைக்கு மூலை வைக்க என்ன பெரிய செலவு?

எல்லையில் இருக்கிறோம். 101 அடித்தால் எந்த மாநிலத்துக்குப் போகும்?

உங்கள் போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ அதைப் பொறுத்தது. தமிழ்நாட்டுப் பக்கம் நின்றுகொண்டு கேரள டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம்; அவர்களும் அப்படியே. தீயணைப்புக்கான 101க்கும், பொது அவசர எண்ணான 112க்கும் இது பொருந்தும். அந்தப் பக்கம் போய்விட்டாலும் போனை வைத்துவிட்டு மறுபடி முயன்று நேரத்தைப் போக்காதீர்கள். மாநிலம், தாலுகா, ஊர், எந்தச் சாலை, சோதனைச்சாவடியிலிருந்து எந்தத் திசையில் என்று சொல்லுங்கள். "எரிவது தென்னைநார்" என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் முடிவு செய்வார்கள்.

இதோடு இரண்டு மாநிலத்திலும் உங்களுக்கு அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணை மேஸ்திரி, வாட்ச்மேன், டிரைவர் ஆகியோரின் போனில் இன்றே பதிந்துவைக்கச் சொல்லுங்கள். பயிற்சியின்போது ஒருவரை எழுப்பி, மில் இருக்கும் இடத்தை ஒரு நிமிடத்துக்குள் போனில் சொல்வதுபோலச் சொல்லச் சொல்வேன். தினமும் வந்துபோகிறவர்களே தடுமாறுவார்கள். தோப்புக்குள் மண்பாதையில் இருக்கும் மில்லாக இருந்தால் மெயின்ரோட்டில் ஒரு ஆள் போய் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். அதற்கும் பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள்.

எங்களிடம் பீகார், ஒடிசா, அசாம் ஆட்கள்தான் அதிகம். தமிழில் பயிற்சி கொடுத்தால் புரியுமா?

தலையாட்டுவார்கள். அது புரிந்ததற்கு அடையாளமல்ல. அவர்களில் தமிழ் பழகிய ஒருவர் எப்போதும் இருப்பார். அவரை முதல்நாளே தனியாக உட்காரவைத்து முழுப் பாடத்தையும் சொல்லி, மறுநாள் அவரையே நடத்தச் சொல்லுங்கள். எச்சரிக்கைக்கு வார்த்தையை நம்பாமல் மணியை நம்புங்கள்: விடாமல் அடித்தால் வெளியே ஓடு என்று ஒரே அர்த்தம். தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டும் சுத்தியலும் போதும்; கரண்ட் போனாலும் அது அடிக்கும்.

புதிதாக ஒரு கூட்டம் வந்து இறங்கினால், வேலைக்கு அனுப்புமுன் வழி, மணி, மெயின் சுவிட்ச், கூடும் இடம் நான்கையும் காட்டிவிடுங்கள். அடுத்த பயிற்சி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அட்டெண்டன்ஸ் நோட்டில் பெயர் இல்லாமல் வேலை செய்பவர் இருந்தால் அதைவிட மோசமான நிலை வேறில்லை. வெளியே வந்து தலையெண்ணும்போது அவரை யாரும் தேட மாட்டார்கள்.

உடையில் தீப்பிடித்தால்?

ஓடக் கூடாது. நின்று, கீழே படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தடித்த பருத்திப் போர்வை, ஈரச்சாக்கு எதையாவது போட்டு மூடி அமர்த்த வேண்டும். நைலெக்ஸ், பாலியெஸ்டர் சேலை உருகித் தோலில் ஒட்டும். ஆகவே மெஷின் பக்கம் பருத்தி உடையும் மேலே ஒரு பருத்திச் சட்டையும் என்பதைக் கண்டிப்பாக்குங்கள். சேலை முந்தானை, துப்பட்டா, லுங்கி நுனி எதுவும் தொங்கக் கூடாது.

சுட்ட இடத்தில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். வளையல், மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி 108ஐ அழையுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

தீ தூரத்தில் இருந்தால் புகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கட்டாயம். கனலும் நாரிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும், நிறமில்லை, வாசனையில்லை. தலைசுற்றும், கால் தளரும், அப்புறம் எழுந்திருக்க முடியாது. தீக்காயத்தைவிடப் புகையால் இறப்பவர்கள் அதிகம். குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து வெளியே வாருங்கள். கூடும் இடத்தைக் காற்று வரும் பக்கமாக வைக்க வேண்டும். நம் ஊரில் காற்றின் திசை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று இரண்டு இடம் குறித்துவையுங்கள்.

மில்லுக்குள்ளேயே குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் பயிற்சி வேண்டுமா?

வேண்டும், குழந்தைகளுக்கும்தான். இரவில் களத்துக்குப் பக்கத்தில் விழித்திருப்பவர்கள் அவர்கள். முதலில் அடுப்பைக் களத்திலிருந்து தள்ளிவையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். கசிந்த வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான 1906ஐ அழைக்க வேண்டும். அறையை வெளியிலிருந்து பூட்டும் பழக்கம் எங்காவது இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

லாரியில் நார் ஏற்றும்போது?

உயரம்தான் பிரச்சினை. கம்பியில் உரசினால் முடிந்தது. தோப்புச் சாலைகளில் எந்த இடத்தில் கம்பி தாழ்ந்திருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாவிட்டால் கிளீனர் இறங்கிப் பார்த்த பிறகே வண்டி நகர வேண்டும். ஓடும் லாரியில் பிடித்துவிட்டால் ஊருக்குள் போகாமல் வெட்டவெளியில் நிறுத்தி இறங்கிவிட வேண்டும்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை நடத்துவது? வேலை கெட்டுப்போகிறதே?

மூன்று மாதத்துக்கு ஒரு ஒத்திகை, அதில் ஒன்றாவது நைட் ஷிப்டில். முழுப் பயிற்சியை வெயிலுக்கு முன்னால், தை மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஒத்திகைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. மணி அடித்ததிலிருந்து கடைசி ஆள் வெளியே வந்து தலையெண்ணி முடிக்கும்வரை ஆகும் நேரத்தைக் குறித்துவையுங்கள், அடுத்தமுறை அது குறைய வேண்டும்.

தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பு நிலையத்தாரே செயல்விளக்கம் காட்டுவார்கள். முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கேளுங்கள். ஏப்ரல் 14ஐ ஒட்டிச் சித்திரைக்கனியும் விஷுவும் வந்துவிடும், ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வாரத்தின் பின்பாதியில் ஒரு நாளைக் கேட்பது நல்லது. சம்பளத்தோடு, வேலை நேரத்துக்குள் நடத்துங்கள். எட்டு மணி நேரம் மட்டை சுமந்தவரை ஷிப்டு முடிந்தபின் நிறுத்திவைத்தால் காதில் எதுவும் ஏறாது.

தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் எங்கள் வேலை முடிந்ததா?

இல்லை. அதிகாரியிடம் ஒருவர் மட்டும் போய்ப் பேசுங்கள். உள்ளே யாராவது இருக்கிறார்களா, மெயின் இறக்கியாயிற்றா, டீசலும் கேஸ் சிலிண்டரும் எங்கே, தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்று சொல்லுங்கள். வண்டி உள்ளே வர வழியில் நிற்கும் லாரி, டிராக்டர்களை எடுத்துவிடுங்கள்.

அவர்கள் போனபிறகு அன்றிரவும் அடுத்த இரண்டு மூன்று நாளும் முறைபோட்டு ஆள் நிற்க வேண்டும், கையில் தண்ணீர்க் குழாயோடு. புகை வரும் இடத்தை உடனே பிரித்து நனையுங்கள். எரிந்ததும் எரியாததுமான நாரைக் கலந்து ஒரே குவியலாகத் தள்ளிவைக்காதீர்கள், தனித்தனியாகப் பரப்புங்கள். நனைந்த பேனல் போர்டுக்கு மின்பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை கரண்ட் கொடுக்க வேண்டாம். காலியான சிலிண்டர்களை அன்றே ரீஃபிலுக்கு அனுப்பிவிட்டு, அவை திரும்பும்வரை பக்கத்து மில்லில் இரவல் வாங்கி மாட்டுங்கள்.